வெறும் வயிறு

“மனுசன் பொய் சொல்லுவான். மூச்சு பொய் சொல்லாது. இது நான் கண்டுபிடிச்சதில்ல. ஆனா நாந்தான் கண்டுபிடிச்சிருக்கணும். கொஞ்சம் லேட்டாப் பொறந்துட்டேன்.”

எம்.எஸ்ஸி. உயிர்வேதியியல் கடைசி வருஷம் படிக்கும் மிதுன் இதை ரொம்ப சீரியஸாகத்தான் சொன்னான். ஆய்வகத்தில் அப்போது இருந்தது வகுப்புத் தோழி லோகப்பிரியாவும் ஒரு ஃபிரிட்ஜும். ஃபிரிட்ஜ் மட்டும் ‘ம்ம்ம்’ என்றது.

ஆய்வு எளிமையானதுதான். ராத்திரி முழுக்கப் பட்டினி கிடந்த ஆளைக் காலையில் படுக்க வைத்து முகமூடி மாட்ட வேண்டும். உள்ளே போகிற ஆக்சிஜனையும் வெளியே வருகிற கார்பன் டை ஆக்சைடையும் இயந்திரம் அளக்கும். பின்னதை முன்னதால் வகுத்தால் உடம்பு எதை எரிக்கிறது என்று தெரிந்துவிடும். வெறும் வயிறென்றால் கொழுப்பு எரியும்; எண் 0.8 பக்கம் நிற்கும். சோறோ இனிப்போ உள்ளே போயிருந்தால் எண் ஒன்றைப் பார்த்து ஏறும்.

இயந்திரம் இரவல். மத்தியானம் வண்டி வந்து தூக்கிக்கொண்டு போய்விடும். அதற்குள் ஒரே ஒரு வெறும் வயிறாவது சிக்காவிட்டால் ப்ராஜெக்ட் கிடையாது. ப்ராஜெக்ட் இல்லையென்றால், வெளியே கணபதி ஏரியா லேத்துப் பட்டறைகளின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு அதே பெஞ்சில் இன்னொரு வருஷம்.

முதலில் படுத்தவர் கல்லூரி வாட்ச்மேன் செங்கோட்டையன். எண் 0.94.

“ஏனுங்ணா, காலைல என்ன சாப்ட்டீங்க?”

“பச்சத் தண்ணி பல்லுல படலீங்க தம்பி.”

“உங்க மூச்சு வேற சொல்லுதுங்களே.”

“மூச்சு என்னத்தைங்க சொல்லும்? அது பாட்டுக்கு வரும், போகும்.”

அடுத்தது ஜூனியர் இல்யாஸ். 0.95.

“டேய், மாசம் முழுக்க நோன்பு இருக்கறவன்டா நீ! உன்ன நம்பித்தானடா இருந்தேன்!”

“நோன்புல யாரும் இப்பிடிக் கூப்ட்டு வெச்சு...” என்று ஆரம்பித்த இல்யாஸ், மீதியை விழுங்கிவிட்டு, “நான் ஒண்ணும் சாப்பிடலீங்ணா,” என்று முடித்தான்.

மூன்றாவது, எப்போதும் டயட்டில் இருக்கும் தேஜஸ்ரீ. 0.97.

“அம்மணி, வெரல்ல என்னமோ மினுங்குது?”

“மாய்ச்சரைசருங்ணா.”

“ஏலக்கா வாசம் வருது?”

“ஆர்கானிக்குங்ணா.”

அவள் போனதும் மிதுன் கையைத் தலையில் வைத்துக்கொண்டான்.

“வெளிய என்னமோ நடக்குது. ஒருவாட்டி போய்ப் பாருடா,” என்றாள் லோகப்பிரியா.

“சான்ஸே இல்ல. கேண்டீன் பூட்டிக் கெடக்குது. வராண்டாவுல காவலுக்கு ஆள் போட்டிருக்கேன். யாரும் எதையும் வாயில வெச்சரக் கூடாதுன்னு கண்டிஷனாச் சொல்லிப்போட்டேன். உலகத்துலயே நான் முழுசா நம்பற ஒரே ஆள்.”

“யாரு?”

“சொன்னா நீ சிரிப்ப. விடு.” எழுந்து குறுக்கும் நெடுக்கும் நடந்தான். “இந்த ஜனங்களுக்கு ஒரு ராத்திரி வயித்தக் கட்டத் துப்பில்ல. தின்னாக்கூடப் பரவால்ல. தின்னுபோட்டு, ஏலக்கா வாசத்தோட, பச்சத் தண்ணி படலேன்னு நம்ம மூஞ்சிக்கு நேரா சொல்றாங்க பாரு, அதத்தான் என்னால தாங்க முடியல. விஞ்ஞானத்துக்கே துரோகம்!”

“பேசி முடிச்சிட்டீன்னா நீயே படு. வேற ஆள் இல்ல. நான் மெஸ்ஸுல பொங்கல் தின்னுட்டேன்.”

மிதுன் நின்றான். நேற்று ராத்திரி இயந்திரத்தைச் சரிபார்த்ததில் சாப்பிடவே மறந்திருந்தான். இப்போது அந்த மறதி அவனுக்கே ஒரு தவம் மாதிரி பட்டது.

“படுக்கறேன். வெறும் வயிறுன்னா என்னன்னு இந்த மெஷினுக்கு நான் காட்டறேன். மூஞ்சி கழுவிட்டு வாரேன்.”

கதவைத் திறந்தான்.

வராண்டா பெஞ்சில் செங்கோட்டையன், இல்யாஸ், தேஜஸ்ரீ மூவரும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். மூன்று வாயும் ஒரே நேரத்தில் மெல்லுவதை நிறுத்தின. அவர்களுக்கு நடுவில், நெய்ப்போளி அடுக்கிய, திறந்த தூக்குப்போசியோடு அவன் நியமித்த காவல்: காலை முதல் பஸ்ஸில் உடுமலைப்பேட்டையிலிருந்து வந்திறங்கிய அவன் அம்மா.

“அம்மா! உன்னைய எதுக்கு இங்க உக்கார வெச்சேன்?”

“யாரும் திங்காமப் பாத்துக்கச் சொன்னே கண்ணு. பாத்துட்டுத்தான் இருந்தேன். பாக்கவே முடியல. பசியோட இருக்கறவங்கள எதுக்கால உக்காந்து பாத்துட்டிருன்னா, நல்லாவா இருக்குது? ஆளுக்கு ரெண்டு ஒப்புட்டுத்தான் குடுத்தேன். உங்கிட்டச் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டுத்தான் குடுத்தேன்.”

மூவரும் ஆமாம் என்று தலையாட்டினார்கள். வாய் நிறைய இருந்ததால் பேச முடியவில்லை.

“நீயும் வாடிக் கெடக்கறே. ஆ காட்டு.”

“வேண்டாம்மா. என் வருஷமே இதுலதான்...”

“ஒரு வாய் கண்ணு.”

உள்ளே வந்து படுத்தவனிடம் முகமூடியைக் கொண்டுவந்தாள் லோகப்பிரியா. “நீயாச்சும் ஒண்ணும் சாப்பிடலதான?”

“பச்சத் தண்ணி பல்லுல படல,” என்று விரலைப் பேண்ட்டில் துடைத்த மிதுன், முடிந்த மட்டும் மூச்சே விடாமல் படுத்துக்கொண்டான்.