முட்டையும் ஆமெனும்

“ஆமென்” என்று சொல்லிக் கண்ணைத் திறந்தான் தனுஷன். தட்டில் சோறு இருந்தது, பருப்பு இருந்தது, கோவாக் கறி இருந்தது. முட்டையைத்தான் காணோம்.

“கடவுள்தான் எடுத்திருப்பாரு மச்சான்,” என்றான் பக்கத்திலிருந்த விஜிதரன், வாய் நிறையச் சோற்றோடு. “நீ மட்டும் சாப்பிட்டா எப்படி? அவருக்கும் பசிக்குமில்ல?”

“கதிர்காமத்தான் மேல சத்தியமா நான் இல்லடா,” என்றான் எதிரே இருந்த திலக்ஷன். அவனை யாரும் கேட்கவே இல்லை.

நுவரெலியாவில் ஓர் அரசாங்கத் தொழில்நுட்பக் கல்லூரியின் விடுதி அது. புதனும் வெள்ளியும் மதியச் சாப்பாட்டுக்கு ஆளுக்கொரு முட்டை. இந்த மாதத்தில் மட்டும் தனுஷனுக்கு ஐந்து முட்டைகள் போய்விட்டன.

அவன் எட்டு வருடம் பிரதர்மார் போர்டிங்கில் வளர்ந்த பிள்ளை. எழுந்தால் செபம், படுத்தால் செபம், பந்து விளையாடப் போனாலும் ஒரு சின்னச் செபம் என்றிருந்தவன். இங்கே வந்த முதல் வாரமே செபமாலை ஆணியில் ஏறியது, அதன் மேல் ஈரத் துவாய் ஏறியது. காலைச் செபத்தைக் குளியலறை வரிசை விழுங்கியது. ஞாயிறு பூசையைக் கம்பளி விடவில்லை.

மிச்சமிருந்தது சாப்பாட்டுச் செபம் ஒன்றுதான். அக்கரப்பத்தனையில் தேயிலைக் கொழுந்தெடுத்துவிட்டு லயத்து வீட்டுக்கு வந்ததும் அம்மா தினமும் போன் பண்ணி, “செபம் பண்றியாப்பா?” என்று கேட்பாள். “பண்றேம்மா” என்ற பதில் பொய்யாகாமல் இருந்தது அந்த ஒன்றினால்தான். அம்மாவிடம் பொய் சொல்ல அவனுக்கு மனசு வராது.

ஆனால் முட்டை போகிறதே! சந்தேகம் முழுக்கத் திலக்ஷன் மேல்தான். முட்டையைக் கண்டால் அவன் கண் அதிலேயே நிற்கும். விஜிதரனைச் சந்தேகப்பட வழியில்லை. அவன் கல்லூரிக்கே பெயர்போன நாத்திகன். கடவுள் இல்லை என்று நிரூபிக்காமல் பல்கூட விளக்கமாட்டான். செபம் பண்ணுகிறவனைக் கேலி பண்ணவே அவனுக்கு நேரம் போதாது.

போன புதன்கிழமைதான் வேடிக்கை. தட்டை வைத்ததும் வார்டன் கூப்பிட்டார் என்று தனுஷன் எழுந்து போனான். பத்து நிமிடம் கழித்து வந்தால், முட்டை வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது. அந்தச் சந்தோஷத்தில் கண்ணை மூடி ஆமென் சொன்னான். போயே போய்விட்டது.

“இன்னைக்கும் போச்சுன்னா, நாளையிலிருந்து செபமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல,” என்று அடுத்த வெள்ளிக்கிழமை மேசையில் அடித்துச் சொன்னான்.

விஜிதரன் கையில் எடுத்த கவளத்தைக் கீழே வைத்தான். “சும்மா கதைக்காதடா. ஒரு முட்டைக்காகவா சாமிய விடுவ?”

“நீதானேடா சாமியே இல்லேன்னு சொல்ற?”

“அது வேற,” என்றான் விஜிதரன்.

தனுஷன் கண்ணை மூடினான். முழுக்க மூடவில்லை. இமையிடுக்கில் திலக்ஷனின் கை தெரிகிற அளவுக்கு ஒரு கீற்று விட்டிருந்தான். செபம் எப்போதும் முணுமுணுப்புத்தான், பக்கத்திலிருப்பவனுக்குத்தான் கேட்கும். இன்று புத்தி முழுக்க முட்டையில் இருந்ததால் செபம் வாயில் வரவில்லை. பழைய ராகத்திலேயே ஊருக்குப் போகும் பஸ் நிற்கிற இடங்களைச் சொன்னான்.

“நுவரெலியா... லிந்துலை... அக்கரப்பத்தனை... ஆமென்.”

பிரதர் கேட்டிருந்தால் முதுகுத் தோலை உரித்திருப்பார். ஆனால் எந்தக் கையும் வரவில்லை. திலக்ஷன் தன் தட்டைக் காலி பண்ணிவிட்டு, இரண்டாம் சோறு வாங்க எழுந்தே போய்விட்டான்.

தனுஷன் கண்ணைத் திறந்தான். முட்டை, குழம்பில் குளித்து, முழுசாக உட்கார்ந்திருந்தது. வெற்றிக் களிப்பில் அதை எடுத்து வாய்க்குக் கொண்டு போனான்.

விஜிதரன் அவன் மணிக்கட்டைப் பிடித்தான். விஜிதரனின் தட்டில் ஒரு பருக்கை குறையவில்லை.

“டேய், அக்கரப்பத்தனைக்கெல்லாம் ஆமென் சொன்னா செபமாயிடுமா?”

“உனக்கென்னடா அதுல?”

விஜிதரன் சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தணித்தான். “நானும் போர்டிங்தான்டா. ஃபாதர்மார்கிட்ட பத்து வருசம்.”

தனுஷன் கையிலிருந்த முட்டையைப் பார்த்தான். “அப்ப என் முட்டைய எடுக்கிறது...”

“இவ்வளவு பேசிட்டு, எந்த மூஞ்சியோடடா இவனுங்க முன்னால நான் கண்ண மூட?” விஜிதரனுக்கு அழுகையே வந்துவிடும்போல் இருந்தது. “செபம் பண்ணாத சோறு தொண்டையில எறங்கமாட்டேங்குது. நீ செபம் பண்ணின முட்டையப் போட்டுப் பிசைஞ்சாத்தான், பால்ல ஒறமோர் ஊத்தின மாதிரி செபம் முழுத் தட்டுக்கும் சேருது.”

கோபம் வரவேண்டிய இடத்தில் தனுஷனுக்குச் சிரிப்பு வந்தது. முட்டையை விஜிதரனின் தட்டில் வைத்தான். “இந்தா, எடுத்துக்க. தின்னுத் தொலை.”

விஜிதரன் அதைத் திருப்பி இவன் தட்டிலேயே போட்டான்.

“வெறும் முட்டைய வச்சு நான் என்னடா பண்றது? கண்ண மூடி ஒழுங்கா செபத்தச் சொல்லு, பசிக்குது!”