அணைப் பலகைகள்

கடல்நீரேரித் தடுப்பணையின் கதவுப் பலகைகளில் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

"வெள்ளம் கொண்டுபோட்டுது ஐயா," என்றார் வயற்காரர் வைத்திலிங்கம்.

"ஓம் ஐயா, வெள்ளந்தான்," என்றார் மீனவர் அருட்பிரகாசம்.

நீர்ப்பாசனத் திணைக்கள ஓவசியர் முத்துக்குமாரு இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பலகையைப் போட்டு மழைத்தண்ணீரை மறிக்கச் சொல்லி ஒருவரும், இறால் உள்ளே வரக் கழற்றச் சொல்லி மற்றவரும் வருடக்கணக்காக அவர் உயிரை வாங்கியவர்கள். இருவருக்கும் ஒப்பந்தம் எழுதி எழுதியே அவர் களைத்துப்போனார். இன்றைக்கு ஒரே குரலில் கதைக்கிறார்களே!

"பொம்மர் வருது!" என்று யாரோ வானத்தைக் காட்டிக் கத்தினார்கள்.

மூவரும் வைத்திலிங்கத்தின் வளவில் வெட்டியிருந்த பங்கர்க் குழிக்குள் பாய்ந்தார்கள். குந்தியிருந்த ஓவசியர் அண்ணாந்து பார்த்தார். கூரை முழுக்க, அவரே தாரால் இலக்கமிட்ட அணைப் பலகைகள்.

"பாதிதான் கிடக்கு. மிச்சம் எங்கை?"

அருட்பிரகாசம் தலை குனிந்தார். "எங்கடை பங்கரிலை, ஐயா."

"தண்ணியைப் பங்கிட ஒரு நாளும் ஒத்துவராத ஆக்கள்..."

ஓவசியர் முடிப்பதற்குள் பக்கத்தில் குண்டு விழுந்தது. மண் உதிர்ந்தது, பலகைகள் அசையவில்லை.

ஓவசியர் தலையிலிருந்த மண்ணைத் தட்டினார்.

"சரி, வெள்ளம் கொண்டுபோட்டுது எண்டே எழுதிவிடுறன்."