தரைக்கு முன்

கட்டடச் சாரத்திலிருந்து தவறி விழுகிறவனை வரைந்தபோது, போன மழையில் அப்படியே விழுந்து செத்த தம்பியின் முகம் பிரிசில்லாவின் கைக்கு வந்துவிட்டது. போனில் விரலால் தள்ளித் தள்ளிப் படிக்கிற காமிக்ஸ் அது. அவனுக்குக் கீழே வெறும் வெள்ளையாக விட்டுக்கொண்டே போனாள். எவ்வளவு தள்ளினாலும் தரை வரவில்லை.

“இவ்ளோ வெத்து எடம் விட்டா படிக்கிறவன் பாதியிலயே போயிருவாம்மா,” என்றார் காமிக்ஸ் ஆசிரியர் தேவசகாயம்.

“போகட்டும் சார். அவங்களுக்கு இவன் இன்னும் விழல.”

அவர் அந்த வெள்ளையை இன்னொரு முறை தள்ளிப் பார்த்தார். பிறகு, “ஒரே தள்ளுல தரை வரணும்,” என்றார்.

வெள்ளை முழுவதையும் வெட்டி எடுத்து, அவனுக்குக் கீழே தரையை வரைந்தாள். சரியாக வந்திருக்கிறதா என்று அவள்தான் முதலில் பார்க்கவேண்டும். தம்பியின் மேல் விரலை வைத்தாள். மெல்லத்தான் தள்ளினாள்.