சோப்பு வகுப்பில் ஒருவர்

"கண்ணுல பட்டா எவ்ளோ நேரத்துல பார்வை போகும் மேடம்?"

கலக்கிக்கொண்டிருந்த லீனாவின் கை நின்றது. ஆஸ்டின் டவுனில் தன் வீட்டு ஹாலில் சனிக்கிழமைதோறும் அவள் சோப்பு செய்யக் கற்றுத்தருகிறாள். இப்படியொரு கேள்வியை இதுவரை யாரும் கேட்டதில்லை.

கேட்டவர் பெயர் சண்முகம். நாற்பது வயதிருக்கும். வந்திருந்த ஏழு பேரில் அவர் ஒருவர்தான் ஆண். தேங்காய் எண்ணெய், வேப்பெண்ணெய் என்று அவள் விளக்கியபோதெல்லாம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். காஸ்டிக் சோடா டப்பாவைத் திறந்ததும்தான் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

இதைத் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும், இதன்மேல் தண்ணீரை ஊற்றினால் பொங்கித் தெறிக்கும் என்றாள் லீனா. தெறிக்கும் என்பதை இரண்டு முறை கேட்டு எழுதிக்கொண்டார். எண்ணெயோடு சேர்ந்து சோப்பாகிவிட்டால் பயமில்லை என்றதை எழுதவில்லை. தோலை எவ்வளவு ஆழம் அரிக்கும், சேலையைத் தாண்டுமா என்று விசாரித்தார்.

சேலை என்றதும் பக்கத்திலிருந்த யூனிஸ் நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டாள். பேப்பரில் படித்த ஆசிட் வீச்சுச் செய்திகள் லீனாவின் மனதில் ஓடின. வகுப்பை அவசரமாக முடித்து, டப்பாவை அலமாரியில் வைத்துப் பூட்டினாள்.

மற்றவர்கள் கிளம்பிய பிறகும் அவர் போகவில்லை.

"இதுல ஒரு ஸ்பூன்கூட உங்களுக்குத் தர மாட்டேன்" என்றாள் லீனா.

"வேணாம் மேடம். எங்ககிட்ட மூட்டை மூட்டையா இருக்கு."

லீனா வாசல் பக்கம் நகர்ந்தாள். போனைக் கையில் எடுத்துக்கொண்டு, இதெல்லாம் யாருக்காகக் கேட்கிறீர்கள் என்றாள்.

"என் சம்சாரத்துக்கு."

அவள் விரல் போலீஸ் எண்ணை அழுத்தப் போனது. அவர் முழுக்கைச் சட்டையின் பொத்தானைக் கழற்றி மேலே சுருட்டினார். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை தோல் வெந்து சுருங்கியிருந்தது.

"சந்தாபுரால ஒரு சோப்பு கம்பெனில ரெண்டு வருஷமா கலக்குற வேலை பாக்குறேன் மேடம். மூட்டைல எதுவும் எழுதியிருக்காது. பவுடர்னுதான் முதலாளி சொல்வாரு. திங்கக்கிழமைலேருந்து அவளும் அங்க வேலைக்கு வர்றா. எனக்குத்தான் யாரும் சொல்லித் தரல, அவளுக்காவது நான் சொல்லணும்ல? அதுக்குப் பேரு காஸ்டிக்குன்னே எனக்கு இன்னிக்குத்தான் தெரியும்."