அக்காவின் சங்கிலி

"யாரும் யாருக்காகவும் காத்திருக்கக் கூடாது."

தட்டச்சு செய்துவிட்டு அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நல்ல வரிதான். காரணமும் இருந்தது. மசினகுடியில் தொடங்கி கல்லட்டி வழியாக ஊட்டிக்கு சைக்கிளில் ஏறுவதாகத் திட்டம். முப்பத்தாறு கொண்டை ஊசி வளைவுகள். அதற்கு முன்னால் முதுமலைக் காடு. காட்டுக்குள் நிற்கக் கூடாது. யானை வரும்.

காட்டைத் தாண்டி வளைவுகள் ஏறும்போது எல்லோரும் நின்று தண்ணீர் குடிப்பதுதான். அதை அவள் எழுதவில்லை.

யானை மேல் பழி போடுவது சுலபம். யானை வந்து மறுக்கப் போவதில்லை.

உண்மையில் அந்த வரி மரகதக்காவுக்காக எழுதப்பட்டது.

அக்காவுக்குக் கர்ப்பப்பையை எடுத்து ஆறு மாதம். இனி மெதுவாகத்தான் மிதிப்பாள். அக்கா கூட வந்தால் இந்த முறையும் ஊட்டி போய்ச் சேர மத்தியானம் ஆகிவிடும். அவளுக்கோ இந்த ஒரு முறையாவது முதல் ஆளாகப் போய் நிற்க வேண்டும்.

அதற்காகக் கைபேசியில் புதுக் குழு ஒன்றையே தொடங்கியிருந்தாள். பழைய குழுவில் எட்டுப் பேர். இதில் ஏழு பேர்.

அழைப்பு மணி அடித்தது.

மரகதக்கா. கையில் ஸ்கூட்டர் ஹெல்மெட், முகமெல்லாம் சிரிப்பு.

"டாக்டர் சைக்கிள் ஓட்டலாம்னுட்டாரு கண்ணு. மேடு ஏறலாமுங்களான்னு கேட்டேன். மெதுவாப் போங்க, உங்கள யாரு தொரத்தறாங்கன்னாரு."

முதலில் அவளிடம் சொல்லத்தான் வந்திருந்தாள்.

சாப்பாட்டு மேசை மேல் மடிக்கணினி திறந்தே கிடந்தது. மூட நேரமில்லை.

அக்கா திரையருகே குனிந்தாள். வரைபடத்தில் மலைப்பாதையின் கோட்டை விரலால் தொடாமல் தொட்டுக்கொண்டே போனாள். எங்கே செங்குத்து, எங்கே தண்ணீர், பைகளை ஏற்றிவரும் ஜீப் எங்கே நிற்கும் என்று எல்லாம் குறித்திருந்தது.

"நல்லா போட்டிருக்க."

விரல் ஊட்டி வரை போனது. பிறகு கீழே இறங்கியது.

ஏழு பெயர்கள். அதன் கீழே அந்த வரி.

அவள் வாயைத் திறந்தாள். யானை என்று சொல்ல வேண்டும். வரவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கவும் ஒரு நெஞ்சழுத்தம் வேண்டும். கூட ஏறியவர்களை உதறிவிட்டுப் போகிறவர்களை அவளும் ஏசியிருக்கிறாள், எத்தனையோ முறை.

அக்கா நிமிர்ந்தாள். அதே சிரிப்புதான். திரும்பி வரக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டது, அவ்வளவுதான்.

"நல்லவேளை என்னையச் சேக்கல. அன்னைக்கு எங்கூர்ல ஒரு கல்யாணம். நீ கூப்பிட்டு, நான் வர முடியாதுன்னு சொல்லி, சங்கடமாப் போயிருக்கும்."

என்றைக்குப் போவது என்று அவள் இன்னும் முடிவு செய்யவில்லை.

திரையில் தேதியே இல்லை.

காபி வேண்டாம் என்றுவிட்டு அக்கா கிளம்பினாள். அவள் ஊட்டிக்கு எடுத்துப் போகவிருந்த சைக்கிள் கதவருகே சுவரில் சாய்ந்திருந்தது. அக்கா நின்றாள். அடிவயிற்றில் ஒரு கையை வைத்துக்கொண்டு மெல்லக் குனிந்து, சங்கிலியைத் தொட்டுப் பார்த்தாள்.

"எண்ணெய் போட்டுக்க கண்ணு. மேட்டுல கழண்டா ரோதனை."

கைப்பிடியைப் பற்றியபடி ஒவ்வொரு படியாக இறங்கிப் போனாள்.

மேட்டில் கழன்றால்.

போன வருடம் கல்லட்டியில் அக்காவின் சங்கிலி ஓயாமல் கழன்றது. அதுதான் அவளுக்கு முதல் மலை. மூச்சு முட்டி, இனி ஒரு மிதிகூட ஆகாது என்று கண் இருட்டும்போதெல்லாம், அடுத்த வளைவில் அக்கா சைக்கிளைச் சாய்த்துவிட்டுக் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருப்பாள்.

"பாழாப்போன சங்கிலி. கொஞ்சம் இரு கண்ணு."

அவள் இருப்பாள். தண்ணீர் குடிப்பாள். மூச்சு திரும்பும். சங்கிலியும் மாட்டிக்கொள்ளும்.

ஊட்டியில் மற்றவர்கள் டீ குடித்து முடித்துக் காத்திருந்தார்கள். ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்டதற்கு, அக்காவின் சங்கிலியால்தான் என்று சொன்னவள் அவள். எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள்.

குழுவில் யார் சைக்கிளில் என்ன கோளாறு என்றாலும் சரி செய்து கொடுப்பது மரகதக்கா. அக்காவின் சங்கிலி அதற்கு முன்னால் கழன்றதில்லை. அதற்குப் பின்னாலும் கழன்றதில்லை.

ஒரு வருடமாக இது எப்படிப் புரியாமல் போயிற்று?

புரிந்துகொள்ளாமல் இருப்பதில் அவளுக்கு வசதி இருந்தது.

கீழே ஸ்கூட்டர் கிளம்பும் சத்தம் கேட்டது.

அவள் சைக்கிள் பக்கத்தில் மண்டியிட்டாள். சங்கிலியைப் பிடித்து இழுத்தாள். லேசில் வரவில்லை. நல்ல சங்கிலி. பல்லைக் கடித்துக்கொண்டு நெம்பியதில் கழன்று தொங்கியது. விரலெல்லாம் கறுப்பு.

பால்கனிக்கு ஓடினாள்.

"அக்கா, சங்கிலி கழண்டுருச்சு."

தெருவில் அக்கா அண்ணாந்து பார்த்தாள். கம்பியைப் பிடித்திருந்த கறுத்த விரல்களைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

பிறகு ஸ்கூட்டரை அணைத்தாள்.