முதுகைத் திருப்பிய ஆட்டம்

உங்களைச் சுற்றி நிற்கும் நாற்பது பேரும் ஒரே நேரத்தில் முதுகைத் திருப்பிக்கொண்டால், நீங்கள் மட்டும் திரும்பாமல் நிற்பீர்களா?

நான் நிற்கவில்லை. பயந்துவிட்டேன்.

அடையாறு பக்கத்தில் ஒரு மைதானம். லஸ் வாரியர்ஸுக்கு அது வரிசையாக எட்டாவது தோல்வி. நாலு கோல் வாங்கினோம். ஒன்றுகூடப் போடவில்லை.

ஆட்டம் முடியப் பத்து நிமிடம் இருக்கும்போதே ஜீஷான் முடிவு செய்துவிட்டான். மயிலாப்பூரில் மொபைல் கடை வைத்திருக்கிறான். கேலரியில் எங்கள் கூட்டத்துக்கு அவன்தான் எல்லாம். அவன் டிரம்மைத் தட்டினால்தான் நாங்கள் கத்துவோம்.

"தோத்துட்டு எப்பவும் போல கோச்சு கை குடுக்க வருவான் பாரு. இன்னிக்கு ஒரு மூஞ்சியும் அவனுக்குத் தெரியக் கூடாது மச்சி. அல்லாரும் திரும்பிக்கினு நில்லுங்க" என்றான்.

கோச்சுக்கு அப்படி ஒரு பழக்கம். ஜெயித்தாலும் தோற்றாலும், ஆட்டம் முடிந்ததும் கேலரிக்கு முன்னால் இருக்கும் கம்பி வலை வரைக்கும் வருவார். வலைக்குள் விரலை நீட்டுவார். போன சீசனில் அந்த விரலைத் தொட அடிதடியே நடக்குமாம். அவர் வரும் நேரத்தில் நான் கூட்டத்துக்குப் பின்னால் நழுவிவிடுவேன்.

இந்த சீசனில் நன்றாக ஆடிய ஆறு பேரைப் பெரிய கிளப்புகள் கூட்டிக்கொண்டு போய்விட்டன. மிச்சம் இருந்தவர்களை வைத்து அவர் ஓட்டிக்கொண்டிருந்தார். அன்றைக்கு கோல்கீப்பர் பீர் முஹம்மது காய்ச்சலோடு நின்றான். அது எனக்குத் தெரியும். சொன்னால், உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். சொல்லவில்லை.

போன வாரம் எங்கள் கூட்டத்தில் இருந்த கிரீஷ் சொல்லிப் பார்த்தான். ஆளே இல்லாம அந்த மனுஷன் இன்னா பண்ணுவாரு என்று ஒரு வார்த்தைதான் கேட்டான். சட்டையைப் பிடித்துப் படியில் தள்ளினார்கள். உதடு கிழிந்தது. வீடு போய்ச் சேர்வதற்குள் வாட்ஸ்அப் குரூப்பிலிருந்தும் தூக்கிவிட்டார்கள். தூக்கியதற்கு எல்லோரும் கட்டைவிரல் போட்டார்கள். நானும் போட்டேன்.

தி. நகரில் ஒரு துணிக்கடையில் எனக்கு வேலை. கடையில் என்னை 'ரெண்டாவது மாடி' என்றுதான் கூப்பிடுவார்கள். மச்சி என்று என் தோளில் கை போடுகிறவர்கள் இந்த நாற்பது பேர்தான்.

இவர்களோடு சேர்ந்த முதல் நாள் எந்த ஊர் என்று கேட்டார்கள். கோச் கன்னியாகுமரிப் பக்கத்துக் கடற்கரைக்காரர். கட்டுமரம் ஏறப் போடா என்று அப்போதுதான் அவரைப் பார்த்துக் கத்தி முடித்திருந்தார்கள். நான் தென்காசி என்றேன். பொய். நானும் அந்தக் கடற்கரைதான்.

விசில் ஊதினார்கள். ஆட்டக்காரர்கள் தலையைக் குனிந்துகொண்டு ஷெட் பக்கம் போனார்கள். கோச் மட்டும் எங்களைப் பார்த்து நடந்து வந்தார்.

ஜீஷான் டிரம்மை ஒரு தட்டு தட்டினான்.

நாற்பது முதுகும் திரும்பின. என்னுடையதும்தான்.

பூட்ஸ் சத்தம் வலைக்குப் பக்கத்தில் வந்து நின்றது. போய்விடுவார் என்று நினைத்தேன்.

"நன்றி, யாசிர்" என்றார்.

வரிசையின் கோடியில் நின்ற யாசிர் திடுக்கிட்டு ஒரு காலை மாற்றி வைத்தான்.

"நன்றி, ஆசிஃப்."

அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. சீசன் ஆரம்பத்தில் ஆளுக்கொரு ஜெர்சி தைத்து, முதுகில் அவரவர் பெயரைப் பெரிய எழுத்தில் போட்டிருந்தோம். என்னுடையதைக் கடை லாக்கரிலேயே வைத்திருப்பேன், ரூமுக்குக் கொண்டுபோக மாட்டேன். முகம் தெரியக் கூடாது என்று திரும்பிய நாங்கள், பெயரைக் காட்டிக்கொண்டு நின்றோம்.

எவனும் திரும்பாதீங்க என்று ஜீஷான் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான். அவன் குரலும் சரியில்லை.

அவர் ஒவ்வொரு முதுகாகப் படித்துக்கொண்டே வந்தார். குரலில் கோபம் இல்லை. கிண்டலும் இல்லை. ஜைதுக்கு ஒரு நன்றி. அப்துல் கரீமுக்கு ஒரு நன்றி.

என் முதுகில் ததேயு என்று இருக்கிறது.

கழற்ற முடியாது. ஓட முடியாது. இந்தப் பக்கம் அப்துல் கரீம், அந்தப் பக்கம் ஜீஷான். என்னைப் பார்த்ததும் அவர் எங்கள் ஊர்ப் பேச்சில் ஒரு வார்த்தை கூடுதலாக விட்டால் தீர்ந்தது. ஒரு 'மக்கா' போதும். நாற்பது பேரும் என் பக்கம் திரும்பிவிடுவார்கள். கிரீஷின் உதடு ஞாபகத்துக்கு வந்தது. தொடை நடுங்கியது. இறுக்கிப் பார்த்தேன், நிற்கவில்லை.

எனக்குப் பின்னால் பூட்ஸ் நின்றது.

மற்றவர்களிடம் நின்றதைவிட அதிக நேரம் நின்றது. அவர் மூச்சு விடுவது எனக்குக் கேட்டது.

"நன்றி... த... ததேயு" என்றார். அப்படி ஒரு பெயரை வாழ்க்கையிலேயே முதல்முறை படிக்கிறவர் மாதிரி, எழுத்துக் கூட்டி.

அப்புறம் ஜீஷானுக்கு நன்றி சொன்னார். மிச்சம் இருந்த எல்லோருக்கும் சொன்னார். பூட்ஸ் சத்தம் தள்ளிப் போய், கேட்காமல் ஆனது.

முதலில் அசைந்தது ஜீஷான்தான். என் தோளில் கையைப் போட்டான்.

"இன்னாடா இப்பிடி நடுங்கிக்கினு கீற? உன் பேரப் படிக்கவே தெரில அவனுக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மறுநாள் காலை ஆதம்பாக்கம் ரூமில் நான் எழுந்தபோது, எனக்கும் சேர்த்து டீ போட்டு டம்ளரை மூடி வைத்துவிட்டு, அண்ணன் லஸ் வாரியர்ஸுக்குப் பயிற்சி கொடுக்கக் கிளம்பிப் போயிருந்தான்.