அவருக்கென்று ஒரு கப்

"ஒரே ஒரு மாத்திரைகூட இந்த வாய்க்குள்ள போனதில்ல டாக்டர். தலைவலின்னாகூட துண்டை இறுக்கிக் கட்டிக்கிட்டுப் படுத்துடுவேன்" என்றார் டெய்லர், மெடல் வாங்கியவர் மாதிரி.

பக்கத்தில் நின்ற அவருடைய மனைவி கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். அதற்குள் ஒரு மாத்திரை அட்டை இருந்தது. பத்தில் ஏழு காலி.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க" என்றார் டாக்டரம்மா. "குடல்ல கட்டி இருக்கிற இடத்தை வெட்டி எடுத்துட்டு, ரெண்டு முனையையும் சேர்த்துத் தைக்கப் போறோம். மாசக்கணக்கா ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டவங்களுக்கு அந்தத் தையல் லேசுல ஆறாது. பிரிஞ்சு உள்ளுக்குள்ள கசிய ஆரம்பிச்சா உயிருக்கே ஆபத்து."

"அப்போ டபுள் தையலாப் போட்டுடுங்க."

டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அப்படிப்பட்டவங்களுக்கு, தையல் ஆறுற வரைக்கும் வயித்துல ஒரு பை வெச்சு மலத்தை வெளியே எடுப்போம். அப்புறம் இன்னொரு ஆபரேஷன். உங்களுக்கு அது தேவைப்படாதுன்னு நினைக்கிறேன்."

"பை மட்டும் வேண்டாம் டாக்டர். அளவு கொடுக்க வர்றவங்க முன்னாடி அதை வெச்சுக்கிட்டு எப்படி நிப்பேன்?" பேனாவை முஷ்டியால் இறுக்கிப் பிடித்துக் கையெழுத்துப் போட்டார்.

மனைவி அவருடைய விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். எட்டு மாதத்துக்கு முன்பு அவருடைய விரல் மூட்டுகள் வீங்கி, கத்தரிக்கோலைக்கூடப் பிடிக்க முடியாமல் போனது. மனிதர் மாத்திரை என்றாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார். அவள் மருந்துக்கடையில் வேலை பார்க்கும் தன் தம்பியிடம் போய் அழுதாள்.

"எப்பேர்ப்பட்ட வீக்கமும் வத்திடும்க்கா. அத்தானுக்குத் தெரியாம கொடுத்துடு" என்று அவன் ஒரு அட்டையை நீட்டினான். அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் மிளகைத் தூக்கலாகப் போட்டு சூப் வைத்து, அதில் மாத்திரையைப் பொடித்துக் கலந்துவிடுவாள். இரண்டே வாரத்தில் "உன் சூப்பு வேலை செய்யுதுடி" என்று அவரே விரலை மடக்கிக் காட்டினார். அதற்குப் பிறகு யார்தான் நிறுத்துவார்கள்?

நேற்று ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போதுதான் தம்பிக்குப் போன் போட்டு, அது என்ன மாத்திரை என்று கேட்டாள். அவன் சொன்ன அதே பெயரை இப்போது டாக்டரம்மாவும் சொல்லிவிட்டார்.

டெய்லரைத் தள்ளுவண்டியில் படுக்கவைத்துக் கிளப்பினார்கள். அவர் தனக்கு மாட்டிவிட்ட பச்சை அங்கியின் ஓரத்தைத் திருப்பிப் பார்த்தார். "யாரு சிஸ்டர் இதைத் தைச்சது? கை நடுங்குறவனா?" என்றார்.

"பேசாம படுங்க தாத்தா" என்றாள் நர்ஸ்.

"தாத்தாவா? எல்லாம் இந்தக் கட்டி பண்ணின வேலை. இவளைப் பாருங்க, என் உடம்புல இளைச்சதெல்லாம் அப்படியே இவகிட்ட போய்ச் சேந்துடுச்சு. இந்த ஆறு மாசத்துல மூணு தடவை ஜாக்கெட்டைப் பிரிச்சு விட்டுட்டேன். இனிமே பிரிக்க உள்ள துணியே இல்ல."

நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மனைவிக்குச் சிரிப்பு வரவில்லை. வண்டியின் பக்கத்திலேயே நடந்தாள்.

என்னை நம்பித்தானே ஒவ்வொரு கப்பையும் வாங்கினார் என்று நினைத்தபோது அவள் மனது உறுத்தியது. சொன்னால் அவர் பயந்த அந்தப் பை வந்துவிடும். எட்டு மாதத் திருட்டுத்தனமும் அம்பலமாகிவிடும், அவர் முகத்தில் விழிக்க முடியாது. சொல்லாவிட்டால் அவர் முகத்தையே பார்க்க முடியாமல் போய்விடலாம்.

ஆபரேஷன் தியேட்டர் கதவு திறந்தது. உள்ளே டாக்டரம்மா முகக்கவசத்தோடு நின்றார்.

"நிறுத்துங்க!" என்று கத்திவிட்டாள். அட்டையை எடுத்து டாக்டரம்மாவின் கையில் திணித்தாள். "இதைத்தான் கொடுத்தேன் டாக்டர். எட்டு மாசமா, தினம் ஒண்ணு. நேத்து வரைக்கும்."

டாக்டரம்மா முகக்கவசத்தைக் கீழே இழுத்தார். "எப்படிக் கொடுத்தீங்க?"

"சூப்புல. அவருக்குன்னு ஒரு கப்புல தனியா ஊத்தி, அதுல மட்டும் கலப்பேன். சட்டியில இருக்கிறதை அப்புறம் நான் குடிச்சுப்பேன். அவருக்கு ஒண்ணுமே தெரியாது. பாவி நான்தான்." அழுதாள். டெய்லர் பக்கம் திரும்பவே அவளுக்குத் தைரியம் வரவில்லை.

"கடைசி நிமிஷத்துலயாவது சொன்னீங்களே" என்றார் டாக்டரம்மா. பிறகு வண்டியில் கிடந்தவரின் ஒட்டிய கன்னத்தை உற்றுப் பார்த்தார். "ஆனா எனக்கு ஒண்ணு புரியலையே. இதை எட்டு மாசம் தினமும் சாப்பிட்டா முகம் உப்பி, உடம்பு பெருத்திருக்கணும். இவரு பாதியாயில்ல கிடக்காரு?"

அவர் கத்துவார் என்று மனைவி காத்திருந்தாள். அவரோ முழங்கையை ஊன்றி மெதுவாக எழுந்தார். அவளை மேலும் கீழும் பார்த்தார். முகம் வெளுத்துப்போயிற்று, மாட்டிக்கொண்டவனின் முழி முழித்தார்.

"எனக்கு அந்தச் சூப்பு பிடிக்கவே பிடிக்காதுடி. உன் மனசு கஷ்டப்படுமேன்னுதான் விரல் சரியாயிடுச்சுன்னு சொன்னேன்" என்றார்.

"நீ துணி எடுக்க மாடிக்குப் போனதும், தினம் அதைச் சட்டியிலேயே திரும்ப ஊத்திடுவேன்."